சித்தப்பாவின் சூப்பர்மேன், என் ஸ்பைடர்மேன், பையனின் நாய்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் 2025 ஜூலையில் சூப்பர்மேன் படத்தைத் தமிழில் பார்த்தோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தியேட்டர் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அங்கே வேலை பார்க்கிறவர்கள் நல்லபடியாக நடந்துகொண்டதையும் சொல்லப்போகிறேன். குறையை மட்டும் யாராவது பிடித்துக்கொண்டு போய் அவர்கள் தலையில் கட்டிவிடக் கூடாது.

போனது மூன்று பேர். கல்லிடைக்குறிச்சிச் சித்தப்பா, அவருக்கு 64 வயது. அப்புறம் நான். மூன்றாம் வகுப்பு படிக்கிற என் பையன். ஆனித் தேர் நிலைக்கு வந்த அதே வாரம், சனிக்கிழமை சாயங்கால ஆட்டம். ஊரே சாரலுக்குக் குற்றாலம் போயிருந்ததாலோ என்னவோ, முந்தின நாள் ராத்திரி போனில் பார்த்தபோது நடு வரிசையில் மூன்று சீட் சேர்ந்தாற்போல் கிடைத்தது. தமிழ் என்று போட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன், ஏனென்றால் சித்தப்பா போட்ட ஒரே நிபந்தனை அது. "இங்கிலீஷ்ல ஒரு தடவ பாத்து முழிச்சது போதும்ல. இந்தத் தடவ அவன் என்ன சொல்லுதான்னு எனக்குப் புரியணும்" என்றார்.

அந்த ஒரு தடவை, கிறிஸ்டோபர் ரீவ் நடித்து 1978இல் வந்த சூப்பர்மேன். சித்தப்பா பாளையங்கோட்டையில் காலேஜ் படித்தபோது இங்கே ஓடியிருக்கிறது. அவருக்கு சூப்பர் ஹீரோ என்பது அதற்கும் முன்னாலேயே பழக்கம்: 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியோடு வர ஆரம்பித்தபோது அவருக்குப் பதினோரு வயது. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து கை மட்டும் தெரிகிற அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் பத்துப் பேர் கைமாற்றிப் படித்தார்களாம். அப்படிப் படித்த பையன் சினிமாவில் போய் உட்கார்ந்தால் ஆங்கில வசனம் பாதி புரியவில்லை, ஜான் வில்லியம்ஸ் போட்ட அந்த எக்காளச் சத்தம் மட்டும் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கும் மோட்டாரைப் போட்டுவிட்டு வயலுக்குத் தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அதை முணுமுணுப்பார். அது என்ன பாட்டு என்று சின்ன வயதில் எனக்குத் தெரியாது, சித்தப்பாவின் பாட்டு என்றே நினைத்திருந்தேன்.

ஆட்டம் 6.15 மணிக்கு. ஆறே கால் ஆயிற்று, ஆறரை ஆயிற்று, திரை இருட்டாகவே கிடந்தது. சத்தம் கிளம்ப ஆரம்பித்ததும் மேனேஜரே உள்ளே வந்து, திரைக்கு முன்னால் நின்று பேசினார். "அண்ணாச்சி, தமிழுக்குக் கீ இன்னும் வரல. இங்கிலீஷ் கீ இருக்கு, இப்பவே போட்டுருவேன். தமிழ்தான் வேணும்னா கொஞ்சம் பொறுங்க. போறவங்களுக்கு ரூவாய இங்கனயே தந்துருதேன்." இந்தக் கீ விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது படம் பெட்டியில் வருவதில்லை, பூட்டிய டிஜிட்டல் ஃபைலாகத்தான் வருகிறது. அதைத் திறக்கிற கீ தனியாக வரும், அது அந்தத் தியேட்டரின் சர்வருக்கு மட்டும், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று கணக்குப் போட்டுத் தருவது. ஒரே படத்துக்குத் தமிழுக்கு ஒரு கீ, இங்கிலீஷுக்கு ஒரு கீ. ஒன்று வந்து இன்னொன்று வராமல் போவது நடக்கக்கூடியதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை வந்த படத்துக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வரை கீ சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் டிக்கெட் விற்றது தப்பு. அதை அவரிடமும் சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

பத்துப் பதினைந்து பேர் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கும் கடைசி பஸ்ஸை நினைத்துப் போய்விடலாமா என்று இருந்தது. மற்றவர்களெல்லாம் தமிழ்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், அதில் முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, "இங்கிலீஷ்ல போட்டா இவனுவ படம் முழுக்க என்னைத்தான் கேப்பானுவ" என்று சொன்னதுதான் சரியான நியாயம். 6.55க்குப் படம் ஓடியது. விளம்பரம் எதுவும் போடாமல் நேராகப் படத்துக்கு வந்தார்கள், அந்த நிதானத்தைப் பாராட்டுகிறேன்.

இனி படம். கதை தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜேம்ஸ் கன் எடுத்த இந்த சூப்பர்மேனில் டேவிட் கோரன்ஸ்வெட் நாயகன். அவன் எந்தக் கிரகத்திலிருந்து வந்தான், எப்படி வளர்ந்தான் என்ற பழைய பல்லவி கிடையாது. சண்டையில் முதல் தடவையாகத் தோற்றுப் பனிக்குள் வந்து விழுகிறான், அங்கேயிருந்து ஆரம்பம். அடிபட்டுக் கிடக்கிறவன் விசிலடித்துக் கூப்பிட, கிரிப்டோ என்கிற நாய் வந்து இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்திலேயே என் பையன் சீட்டைவிட்டு எழுந்துவிட்டான். அந்த நாய் சொன்ன பேச்சைக் கேட்காது, குதிக்கும், எல்லாவற்றையும் உடைக்கும். கன் தான் எடுத்து வளர்த்த அடங்காத நாய் ஒன்றை வைத்துத்தான் இதை எழுதினாராம், பார்க்கும்போதே அது தெரிகிறது.

அப்புறம் அந்த இசை. ஜான் மர்ஃபியும் டேவிட் ஃப்ளெமிங்கும் வில்லியம்ஸின் பழைய மெட்டை எடுத்து கிதார் எல்லாம் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அது கேட்ட உடனே சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஏல, இது அந்தப் பாட்டுல்லா?" இருட்டில் முகம் தெரியவில்லை, ஆனால் குரல் கம்மியிருந்தது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு அப்பால் ஒரு தியேட்டரில் உட்கார்ந்திருந்த காலேஜ் பையன் அந்தக் குரலில் இருந்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல இசை என்று தோன்றியது, அவ்வளவுதான். என் சின்ன வயதில் அது வயல்வரப்பில் கேட்ட முணுமுணுப்பு, தியேட்டரில் கேட்டதில்லை.

பழைய நாயகனைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாருடைய ஞாபகமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. 2006இல் வந்த சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ் படத்தில் அதே பழைய இசை, ரீவ் மாதிரியே முகவெட்டு உள்ள பிராண்டன் ரூத், 1978க்காக எடுத்து வைத்திருந்த மார்லன் பிராண்டோவின் காட்சி, எல்லாம் இருந்தது. பிராண்டோ அதற்கு இரண்டு வருஷம் முன்பே இறந்துபோயிருந்தார். இருபது கோடி டாலருக்கு மேல் செலவு செய்து, உலகம் முழுக்க 39 கோடி டாலர் வசூலித்து, அந்த வரிசை அத்தோடு நின்றது. மரியாதையாக எடுத்த படம்தான். ஆனால் அதைப் பார்க்கும்போது வேறு ஒருவர் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி இருந்தது, அவர்களுக்குக் கண் கலங்கும், நமக்கு யார் யார் என்று கேட்கத் தோன்றும். 2013இல் வந்த சூப்பர்மேன் படத்தில் நேர் எதிராகப் போனார்கள், பழைய இசையையும் தூக்கிவிட்டார்கள், உடையில் அந்தச் சிவப்பு ஜட்டியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டும் திரும்பி வந்திருக்கின்றன. அந்தச் சிவப்பை ஏன் மறுபடி வைத்தார்கள் என்பதற்கு கன் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது: பெரிய சக்தி உள்ள இவனைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படக் கூடாது, அதனால்தான் இப்படிப் பளிச்சென்று உடுத்துகிறான் என்று கோரன்ஸ்வெட் எடுத்துச் சொன்னாராம். பழசு என்பதற்காக மட்டும் வைக்கவில்லை, இன்றைக்குப் படம் பார்க்கிற ஒரு பிள்ளைக்காக வைத்திருக்கிறார்கள்.

2023இல் வந்த தி ஃப்ளாஷ் இந்த விஷயத்தில் என்னை ரொம்பச் சங்கடப்படுத்தியது. 1992க்குப் பிறகு மைக்கேல் கீட்டன் பேட்மேனாகத் திரும்பியதில் எனக்குச் சந்தோஷம்தான், அவர் நடித்தார், வயதான பேட்மேனாக உட்கார்ந்து பேசினார். ஆனால் கடைசிப் பகுதியில் கம்ப்யூட்டரில் கிறிஸ்டோபர் ரீவின் உருவத்தைச் செய்து நிறுத்தினார்கள். 2004இல் இறந்துபோன மனிதர் அவர். ஒரு வசனம் இல்லை, ஒரு வேலை இல்லை, சும்மா நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் படம் ஓடாததற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் ஞாபகத்தை இப்படிக் காட்சிக்கு வைத்தால் ஜனங்கள் கைதட்டிவிடுவார்கள் என்ற கணக்கு தப்பிப்போனது உண்மை. இந்த 2025 படத்தில் ரீவுடைய மகன் வில் ரீவ் டிவி நிருபராக மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் வந்து போகிறார். நிஜ வாழ்க்கையிலும் அவர் டிவி நிருபர்தான். நான் சித்தப்பாவின் காதில், "இது அவரு மகன்" என்றேன். "யாரு மகன்?" "பழைய சூப்பர்மேன் மகன், சித்தப்பா." அவர் திரும்பித் திரையைப் பார்ப்பதற்குள் காட்சி போய்விட்டது. இடைவேளை முழுக்க அதையே பேசினார், "ஏல, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, நல்லாப் பாத்திருப்பேனே" என்று.

என் ஞாபகம் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2004, ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகம், தமிழில். அப்பா அப்போது வளைகுடாவில் இருந்தார், என்னைப் பள்ளிக்கூடத்திலும் சினிமாவிலும் கொண்டுபோய் விட்டது சித்தப்பாதான். அம்பாசமுத்திரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் சேரன்மகாதேவி, பேட்டை என்று நின்று நின்று திருநெல்வேலி வந்து பார்த்தோம். நாங்கள் பார்த்த தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். ஓடுகிற ரயிலை ஸ்பைடர்மேன் தன் உடம்பைக் கொடுத்து நிறுத்துவான், முகமூடி இல்லாமல் மயங்கி விழப்போகிறவனை ஜனங்கள் பிடித்து, தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றிப் பெட்டிக்குள் கொண்டுபோய்க் கிடத்துவார்கள். "சின்னப் பையனா இருக்கானே" என்கிற மாதிரி ஒருவர் சொல்வார். ரயிலில் வந்து ரயில் காட்சி பார்த்த ஆறாம் வகுப்புப் பையனுக்கு அது வாழ்நாள் விஷயம். திரும்பிப் போகிற ரயிலில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சித்தப்பா இன்னமும் சொல்வார்.

அதனால் 2021 டிசம்பரில், பழைய ஸ்பைடர்மேன்கள் திரும்பி வருகிற ஸ்பைடர்மேன் நோ வே ஹோம் வந்தபோது, முகக்கவசம் போட்டுக்கொண்டு, இதே தியேட்டரில் முதல் நாளே போய் உட்கார்ந்தேன். நான் ரயில் காட்சியில் பார்த்த ஸ்பைடர்மேன் டோபி மெக்வயர், அவர் கடைசியாக அந்த உடையைப் போட்டது 2007இல். அவர் வந்து நின்றபோது விழுந்த விசிலில் அடுத்த இரண்டு வசனம் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் என்னை உலுக்கியது அவர் வருகை இல்லை. பழைய எதிரி டாக்டர் ஆக்டோபஸ் மனசு தெளிந்து நின்று, வளர்ந்துவிட்டாயே, எப்படி இருக்கிறாய் என்று கேட்பார், இவன் நல்லவனாக இருக்க முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பான். ரயில் காட்சியில் ஒருவரையொருவர் அடித்து நொறுக்கிய இரண்டு பேர். பதினேழு வருஷம் கழித்து ஒரு குசலம் விசாரிப்பு. அவருக்கு அடுத்து ஸ்பைடர்மேனாக நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கும் அப்படித்தான், 2014 படத்தில் விழுந்த காதலியைப் பிடிக்க முடியாமல் போனவன், இதில் விழுகிற இன்னொரு பெண்ணைப் பிடித்துவிட்டு அழுவான். பாதியில் நின்ற ஒன்றை எடுத்து முடித்துக் கொடுத்தார்கள். நான் ஒரு நாயகன் திரும்பி வரும்போது எதிர்பார்ப்பது இதைத்தான்: முகத்தை மட்டும் காட்டாதே, என்னிடம் விட்டுப்போன கடனைத் தீர்.

சரி, இடைவேளை. பாப்கார்ன் விலையைச் சொல்லி அலுத்துவிட்டது, எல்லா ஊரிலும் அதே கதை. இங்கே வெளியிலேயே சூடாக முட்டை போண்டா போடுகிறார்கள், அது நன்றாக இருந்தது, டீயும் பரவாயில்லை. கழிவறை சுத்தம், சித்தப்பா வயதுக்காரர்களுக்குப் படியில் கைப்பிடி இல்லை, அதைக் கட்டாயம் வைக்க வேண்டும். உள்ளே போகும்போது செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பையன்கள் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள்.

பெரிய குறை சத்தம். முதல் பாதியில் சண்டை நடக்கும்போது பேசுவது எதுவும் காதில் விழவில்லை. தியேட்டரில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்துதான் வரும், பக்கத்து ஸ்பீக்கர்களில் இசையும் இரைச்சலும். மொத்தச் சத்தத்தையும் குறைத்துவைத்தால் முதலில் அடிபடுவது வசனம். டப்பிங் படத்தில் அது இன்னும் மோசம், நடிப்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழி இல்லை. மேலே ஆபரேட்டர் அறைக்குப் போய்க் கேட்டேன். டால்பி கணக்குப்படி ஏழில் இருக்க வேண்டிய ஃபேடர், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு, நாலில் இருந்தது. "மேட்னி பாத்தவங்க காது வலிக்குன்னு சண்டைக்கு வந்துட்டாவ, அதான் கொறச்சேன்" என்றார் அவர். பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன், ஐந்தரைக்கு ஏற்றினார். ஏழு வைத்திருக்கலாம். ஆனாலும் இரண்டாம் பாதியில் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது, அது எவ்வளவு முக்கியம் என்பது அடுத்த அரை மணி நேரத்தில் தெரிந்தது.

ஏனென்றால் இந்தப் படத்தின் உயிர் ஒரு பேச்சில் இருக்கிறது. 1978 படத்தில் பிராண்டோ நடித்த அந்த வேற்றுலக அப்பா கிட்டத்தட்ட சாமி மாதிரி, 2006இலும் அவர் குரலையே கொண்டுவந்தார்கள். இதில் அந்த அப்பா அம்மா அனுப்பிய செய்தியின் பின்பாதி கிடைக்கும்போது, நீ போய் அந்த ஜனங்களை ஆளு என்று சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியவருகிறது. பழைய ரசிகர்கள் நிறையப் பேருக்கு இது ஆகவில்லை, கோபப்பட்டார்கள். எனக்கு இதுதான் படத்திலேயே துணிச்சலான இடம். மனசு உடைந்து ஊருக்கு வருகிறவனிடம், வளர்த்த அப்பா, சாதாரண விவசாயி, வாசலில் உட்கார்ந்து திக்கித் திணறிப் பேசுகிறார். நீ யார் என்பதை அவர்கள் சொல்ல முடியாது, நீ செய்கிறதுதான் சொல்லும் என்கிற மாதிரிப் பேச்சு. தமிழில் அந்தக் குரல் அலங்காரம் இல்லாமல், ஒரு வயசாளி நிஜமாகப் பேசுகிற மாதிரியே இருந்தது. கடைசியில் அவன் அடிபட்டுப் படுத்துக்கொண்டு பார்ப்பது அந்த வளர்த்தவர்களோடு எடுத்த பழைய வீட்டு வீடியோவை. 1978இன் மெட்டை வைத்துக்கொண்டு 1978இன் அப்பாவை மாற்றிவிட்டார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று யோசித்தே செய்திருக்கிறார்கள். சித்தப்பா அந்தப் பேச்சு முடியும் வரை அசையவில்லை. நான் அவர் பக்கம் திரும்பவில்லை, திரும்பியிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

பையனுக்கு இதெல்லாம் ஒன்றும் கிடையாது. அவனுக்கு முன்கதை தெரியாது, எதிர்பார்ப்பும் இல்லை. ராட்சத மிருகம் ஊரை மிதித்துக்கொண்டு வரும்போது சூப்பர்மேன் பறந்து போய் ஒரு அணிலைத் தூக்கிக் காப்பாற்றுவான், அதைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்புக்கு முன் வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். படம் முடிந்து வெளியே வரும்போது, "தாத்தா, அணில காப்பாத்துனான்லா" என்று மூன்று தடவை சொன்னான். இருபது வருஷம் கழித்து யாராவது இந்த சூப்பர்மேனைத் திரும்பக் கொண்டுவந்தால் அவனுக்கு அந்த அணில் வேண்டும், நாய் வேண்டும். எக்காள இசையை அவன் கவனித்தானா என்றே தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் வில்லன் லெக்ஸ் லூதரின் தனி உலகக் காட்சிகள் இழுவை, துணை நாயகர்கள் கூட்டம் அதிகம், மிஸ்டர் டெரிஃபிக் ஒருவரைத் தவிர யாரும் மனசில் நிற்கவில்லை. முத்தக் காட்சியைத் தணிக்கையில் வெட்டியதில் ஒரு இடம் தாவுகிறது. பையனோடு போன எனக்கே அது தேவையில்லாத வெட்டு என்று பட்டது.

தியேட்டருக்குப் போகலாமா என்றால், போகலாம். அவர்களிடம் நான் கேட்பது மூன்றே விஷயம். கீயை ஒரு நாள் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். சத்தத்தை ஐந்தரைக்குக் கீழே இறக்காதீர்கள். தமிழ் ஆட்டத்தைச் சாயங்காலத்திலேயே வையுங்கள், செவ்வாய்க்கிழமை பார்த்தால் தமிழ் காலை 10.30க்கு ஒன்று மட்டும்தான் இருந்தது, அந்த நேரத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை எப்படி வரும்? திரும்பி வருகிற நாயகர்களில் இன்னொருவரும் உண்டு: அயர்ன்மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் இந்தத் தடவை டாக்டர் டூம் என்கிற வில்லனாகத் திரும்புகிறார் என்று 2024 ஜூலையிலேயே அறிவித்துவிட்டார்கள். அயர்ன்மேன் செத்ததற்குத் தேம்பித் தேம்பி அழுத பையன்கள் நம்ம ஊரில் ஏராளம், அந்த முகத்தை வில்லனாக வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்கும் பயம் கலந்த ஆசை இருக்கிறது. அதற்கும் இதே தியேட்டர்தான் வருவேன், தமிழில்தான் பார்ப்பேன்.

உட்காருகிறவர்கள் திரையிலிருந்து ஏழாவது எட்டாவது வரிசையில் நடுவில் எடுங்கள், பின்னால் போகப் போக வசனம் இன்னும் மங்குகிறது. தமிழ் ஆட்டம் என்றால் கிளம்புவதற்கு முன்னால் கவுண்டருக்கு ஒரு போன் போட்டு, கீ வந்துவிட்டதா என்று கேளுங்கள், எடுத்துப் பதில் சொல்கிறார்கள். எங்களுக்கு ஆட்டம் முடிய 9.20 ஆனது, ஆட்டோ பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டு போய் அம்பை பஸ்ஸில் ஏறிவிட்டோம், உட்கார இடமும் கிடைத்தது.